அலாய் வீல் மாற்றிய பின் மின்சார காரின் ரேஞ்ச் குறைந்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தில் மின்சார கார் வைத்திருப்பவர்கள் எங்கள் பணிமனைக்குக் கொண்டு வரும் குறைகளில் ஒன்று மட்டும் மாறாமல் வந்துகொண்டே இருக்கிறது. வெளிக்கடையில் அலாய் வீல் வாங்கிப் போட்ட ஒரு வாரத்தில், ரேஞ்ச், அதாவது ஒரு முறை சார்ஜ் செய்தால் ஓடும் தூரம், இறங்கிவிட்டது என்று வருகிறார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் சக்கரத்தின் எடையைக் குறை சொல்வார்கள். சிலர் பேட்டரியே போய்விட்டதோ என்று பயந்திருப்பார்கள். பிரித்துப் பார்த்தால் எடை தனியாகக் குற்றவாளியாக இருப்பது மிக அரிது. சக்கரத்தோடு சேர்த்து மாற்றிய டயர், அதில் பிடித்த காற்று, மாற்றிய பிறகு சரி பார்க்காமல் விட்ட அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்), இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். ஆகவே செலவே இல்லாத சோதனையில் தொடங்கி, செலவு அதிகமான மாற்றத்தைக் கடைசியில் வைத்து இந்த வழிமுறை எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் காரின் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போகலாம். அடுத்து வரும் அளவீட்டை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் எடுக்க வேண்டிய அளவு

திரையில் தெரியும் "மீதி கிலோமீட்டர்" என்ற எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது கடந்த சில ஓட்டங்களின் சராசரியிலிருந்து கார் போடும் ஊகம். 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் செலவாகிறது என்பதே நமக்கு வேண்டிய எண். உங்கள் திரை கிலோமீட்டருக்கு 140 வாட்-மணி என்று காட்டினால், 100 கிலோமீட்டருக்கு 14 யூனிட் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவெடுக்க ஒரே சாலையை வைத்துக்கொள்ள வேண்டும். வேலூரில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, கிரீன் சர்க்கிள் பக்கம் நெடுஞ்சாலையில் ஏறி, பள்ளிகொண்டா நோக்கிப் போய், சுங்கச்சாவடி வருவதற்கு முன்னால் திரும்பி வந்துவிடுவது. விடியற்காலையில், லாரி நெரிசல் குறைந்த நேரத்தில், 80-ஐத் தாண்டாமல், ஏ.சி.யை இரண்டு பக்கமும் ஒரே நிலையில் வைத்து ஓட்டுங்கள். போக ஒரு கணக்கு, வர ஒரு கணக்கு எடுத்து இரண்டின் சராசரியை எழுதி வையுங்கள்.

இரண்டு பக்கமும் ஓட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து வேலூருக்கு வருவது கண்ணுக்குத் தெரியாத ஏற்றம். ஏறத்தாழ 200 மீட்டர் உயர்கிறோம். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள கார் அந்த உயரத்தை ஏற மட்டும் முக்கால் யூனிட்டுக்கு மேல் செலவாகும். இதற்கு மேல் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, வாணியம்பாடி பக்கம் போகிறவர்களுக்கு எதிர்க்காற்றாகவே இருக்கும். பங்குனியில் சென்னைக்குப் போனபோது எடுத்த கணக்கையும், ஆடியில் ஆம்பூருக்குப் போனபோது எடுத்த கணக்கையும் பக்கத்தில் வைத்துச் சக்கரத்தைப் பழி சொல்வதில் நியாயம் இல்லை.

பழைய சக்கரங்கள் இன்னும் வீட்டில் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அவற்றை மாட்டி இதே சாலையில் இன்னொரு முறை அளவெடுத்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். புது அலாய் போட்ட அன்றே பழையதைக் கடைக்காரரிடம் கழித்துக் கொடுத்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. குறைந்தது இரண்டு மாதமாவது வைத்திருங்கள்.

வித்தியாசம் நூற்றுக்கு மூன்றுக்குள் இருந்தால் அதை விட்டுவிடலாம். அந்த அளவு ஏற்ற இறக்கம் ஓட்டுகிற காலிலேயே வந்துவிடும்.

## அறிகுறி 1: ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஒரே அளவில் குறைந்திருக்கிறது

### கிலோமீட்டர் கணக்கே மாறியிருக்கலாம் (செலவு இல்லை)

டயரின் பக்கவாட்டில் உள்ள அளவைப் படியுங்கள். நெக்ஸான் இ.வி.யில் வரும் 215/60 ஆர் 16 டயரின் விட்டம் 664 மில்லிமீட்டர். அதை எடுத்துவிட்டு 225/55 ஆர் 17 போட்டால் விட்டம் 679 ஆகிறது. சக்கரம் ஒரு சுற்றுக்கு இப்போது 2 சதவீதத்துக்குச் சற்று அதிகமாக ஓடுகிறது. ஆனால் மீட்டருக்கு அது தெரியாது. நீங்கள் 102 கிலோமீட்டர் போயிருந்தாலும் அது 100 என்றே எழுதும். 14 யூனிட் என்று காட்டிய கார், ஒன்றுமே கெடாமல் 14.3 என்று காட்டத் தொடங்கும். டியாகோ இ.வி.யின் 175/65 ஆர் 14 இருந்த இடத்தில் 185/60 ஆர் 15 போடுபவர்களுக்கு இந்தப் பிழை மூன்றரை சதவீதத்தை நெருங்கும்.

சோதிப்பது எளிது. நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கற்களில் இருபதை எண்ணி, மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள்; கைபேசி வரைபடத்தோடும் ஒப்பிடலாம். மீட்டர் குறைவாகக் காட்டினால் அந்த விகிதத்தைக் கழித்த பிறகு மிஞ்சும் இழப்பு மட்டுமே உண்மையான இழப்பு. வேகமானியும் இதே அளவு குறைத்துக் காட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

### காற்று (செலவு இல்லை)

வேலூர் வெயிலில் காற்றளவு பார்ப்பது ஒரு தனிக் கலை. டயரின் உள்ளே ஐந்தாறு டிகிரி வெப்பம் ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. கூடும். கத்திரி வெயிலில் மதியம் ஓட்டி வந்து பெட்ரோல் பங்கில் நிறுத்திப் பார்த்தால் 36, 37 என்று காட்டும். அங்கே இருப்பவர் "அதிகமா இருக்கு" என்று 33-க்கு இறக்கிவிடுவார். மறுநாள் காலையில் அதே டயரில் 29 தான் இருக்கும். ரேஞ்ச் குறைந்ததென்று வரும் கார்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பல கார்கள் இந்த இடத்திலேயே திரும்பிப் போயிருக்கின்றன.

ஆகவே கார் இரவு முழுவதும் நின்ற பிறகு, வெயில் படுவதற்கு முன், சொந்த அளவியால் பாருங்கள். ஓட்டுநர் கதவருகே உள்ள ஒட்டியில் இருக்கும் எண் கம்பெனி டயர் அளவுக்கானது. அளவு மாறியிருந்தாலோ, புதிய டயரில் எக்ஸ்.எல். (கூடுதல் சுமை தாங்கும் ரகம்) என்று எழுதியிருந்தாலோ, அதே சுமையைத் தாங்க இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடுதலாகத் தேவைப்படலாம். அந்த எண்ணை டயர் கம்பெனியின் சுமை அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யச் சொல்லுங்கள். கண் மதிப்பில் ஏற்றக் கூடாது.

ஒரே ஒரு டயரில் மட்டும் வாரந்தோறும் காற்று இறங்கினால், வால்வைச் சுற்றியும் ரிம்மின் விளிம்பிலும் சோப்பு நீர் தடவுங்கள். விளிம்பில் நுரை வந்தால் ரிம் சரியாக வார்க்கப்படவில்லை அல்லது பள்ளத்தில் அடி வாங்கியிருக்கிறது. அதைக் கடைக்குக் கொண்டு போக வேண்டியதுதான்.

### டயர் புதிது என்பதாலேயே (காத்திருந்தால் போதும்)

தேய்ந்த டயர் எளிதாக உருளும். முழு ரப்பரோடு இருக்கும் புதிய டயர் கொஞ்சம் இழுக்கும். 35,000 கிலோமீட்டர் ஓடிய டயரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டவர், அதே கம்பெனி, அதே ரகம் போட்டிருந்தாலும் சிறிது இழப்பைப் பார்ப்பார். முதல் சில நூறு கிலோமீட்டரில் இது ஓரளவு தணியும். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி அளவெடுங்கள். அதற்கு முன் எந்தச் செலவும் செய்ய வேண்டாம்.

### அலைன்மென்ட் (சில நூறு ரூபாய்)

சக்கரம் மாற்றும் கடைகளில் பேலன்சிங் (சிறு எடைகள் ஒட்டிச் சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது) செய்துவிட்டு அலைன்மென்ட்டை விட்டுவிடுவது வழக்கம். முன் சக்கரங்களின் டோ (மேலிருந்து பார்த்தால் அவை உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) சிறிது தவறினாலும், இரண்டு டயரும் உருள்வதோடு பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே போகும். அந்தத் தேய்ப்புக்கும் பேட்டரியிலிருந்துதான் மின்சாரம் போகிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். காரை நிறுத்தி, முன் டயரின் மேல்பரப்பில் உள்ளங்கையை வைத்து, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரு முறை, பிறகு எதிர்த்திசையில் ஒரு முறை தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் அரத்தைத் தடவியது போலவும் இருந்தால் டோ தவறியிருக்கிறது. அலைன்மென்ட் செய்யும்போது முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்சிட்டுத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அச்சு தராத கடையில் என்ன செய்தார்கள் என்று நமக்குத் தெரிய வழியில்லை.

### டயரின் ரகம் (இங்கேதான் பணம் போகிறது)

மேலே உள்ள நான்கும் சரியாக இருந்து, இழப்பு ஐந்து சதவீதத்துக்கு மேல் நிற்குமானால், டயர்தான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். மின்சார கார்களுக்குக் கம்பெனி தேர்ந்தெடுத்துப் போடும் டயர், குறைந்த உருள் எதிர்ப்புக்காகவே செய்யப்பட்டது. கடையில் அலாயோடு சேர்த்துத் தரும் டயர், பிடிப்பையோ தோற்றத்தையோ விலையையோ பார்த்துத் தேர்ந்தெடுத்ததாக இருக்கும்.

கணக்கு இது. நல்ல டயரின் உருள் எதிர்ப்பு விகிதம் 0.008 என்றும் சாதாரண டயருக்கு 0.010 என்றும் வைத்துக்கொண்டால், 1,600 கிலோ காருக்கு 100 கிலோமீட்டரில் உருள்வதற்கு மட்டும் 3.5 யூனிட் ஆன இடத்தில் 4.4 யூனிட் ஆகும். மொத்தமே 14 யூனிட் செலவாகும் காரில் இந்த 0.9 என்பது ஆறு சதவீதம். 30 யூனிட் பேட்டரியில் அது ஏறக்குறைய 13 கிலோமீட்டர் ரேஞ்ச்.

எதையும் வாங்குவதற்கு முன், புதிய டயரின் சுமை எண்ணையும் பாருங்கள். கழற்றிய டயரில் 95 என்று இருந்தால் அது 690 கிலோ தாங்கும். புதியதில் 91 என்றிருந்தால் 615 கிலோதான். மின்சார காரில் பேட்டரி எடை கூடுதல் என்பதால், சுமை எண் குறைந்த டயர் அதிகமாக நசுங்கி அதிகச் சூடாகும். ரேஞ்சும் போகும், பாதுகாப்பும் போகும். இந்த ஒன்றில் மட்டும் பொறுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உடனே மாற்ற வேண்டும்.

அலாயை வைத்துக்கொண்டு டயரை மட்டும் கம்பெனி ரகத்துக்கு மாற்றினாலே பெரும்பாலும் இழப்பு மீண்டுவிடும். நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றக் கையில் பணம் இல்லையென்றால், முன்னிரண்டை ஒரு ரகமும் பின்னிரண்டை ஒரு ரகமும் ஆக்கிப் பரீட்சை பார்க்காதீர்கள். மழையில் அது ஆபத்து.

## அறிகுறி 2: ஊருக்குள் பழையபடி இருக்கிறது, நெடுஞ்சாலையில் மட்டும் குறைகிறது

இங்கே காற்றின் எதிர்ப்புதான் விஷயம். முதலில் உங்கள் வேகத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். 80-இலிருந்து 100-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். புது அலாய் போட்ட உற்சாகத்தில் வாலாஜா தாண்டியதும் மிதிப்பவர்கள் உண்டு; அதைச் சோதிக்கச் செலவே இல்லை.

வேகம் மாறவில்லை என்றால் சக்கரத்தின் முகப்பைப் பாருங்கள். மின்சார கார்களில் கம்பெனி சக்கரம் பெரும்பாலும் தட்டையாக, சிறிய துளைகளோடு அல்லது பிளாஸ்டிக் மூடியோடு வருவது அலங்காரத்துக்காக அல்ல. ஐந்து மெல்லிய கம்பிகளோடு அகலத் திறந்திருக்கும் அலாய் அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு கம்பியும் காற்றைக் கிளறிக்கொண்டே சுழலும்.

அடுத்தது, சக்கரம் மட்கார்டுக்கு வெளியே எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது. பழைய ரிம் ஆறரை அங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, காரில் பொருந்தும் பரப்பு வெளிப்பக்கம் தள்ளியிருக்கும் மில்லிமீட்டர் அளவு) உடையது, புதியது ஏழரை அங்குல அகலமும் 35 ஆஃப்செட்டும் உடையது என்றால், வெளி விளிம்பு ஏறத்தாழ 23 மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும். மட்கார்டின் மேல் விளிம்பிலிருந்து ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். டயர் நூலைத் தொட்டாலோ தாண்டினாலோ காற்றோடு நேராக மோதுகிறது என்று பொருள். மழைக்காலத்தில் கதவெல்லாம் சேறாவதும் இதனால்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது என்பதையும், காப்பீட்டுக் கோரிக்கையின் போது இந்தக் கேள்வி எழக்கூடும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்குச் சரிசெய்யும் வழி எதுவும் இல்லை, சக்கரத்தை மாற்றுவதுதான். எவ்வளவு இழக்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வேன். டெஸ்லா மாடல் எஸ் பிளாட் (Plaid) காருக்கு அமெரிக்காவில் கொடுக்கப்பட்ட ரேஞ்ச், 19 அங்குலச் சக்கரத்தில் 396 மைல், 21 அங்குலச் சக்கரத்தில் 348 மைல். ஒரே கார், ஒரே பேட்டரி. சக்கரமும் அதற்கேற்ற டயரும் மாறியதில் 12 சதவீதம் போயிருக்கிறது.

## அறிகுறி 3: நெடுஞ்சாலையில் சரியாக இருக்கிறது, ஊருக்குள் குறைகிறது

சக்கரத்தின் எடையைப் பற்றிப் பேச வேண்டிய ஒரே இடம் இதுதான். அதற்கும் முன்னால் ஏ.சி.யைப் பாருங்கள். ஏ.சி. ஒன்றரை கிலோவாட் இழுக்கிறது என்று வையுங்கள். காட்பாடி சாலை நெரிசலில் சராசரி 25 வேகத்தில் ஊர்ந்தால் 100 கிலோமீட்டருக்கு அது மட்டும் 6 யூனிட் தின்னும். நெடுஞ்சாலையில் 75-இல் போனால் அதே தூரத்துக்கு 2 யூனிட் போதும். சித்திரையில் அலாய் மாற்றியவர் மாசி மாதத்துக் கணக்கோடு ஒப்பிட்டால் சக்கரம் பொல்லாததாகத்தான் தெரியும். ஒரு நாள் விடியற்காலையில் ஏ.சி. இல்லாமல் ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள்.

எடை என்று எடுத்தால், சக்கரத்துக்கு 3 கிலோ கூடியிருந்தால் நான்குக்கும் 12 கிலோ. சுழலும் எடை என்பதால் வேகமெடுக்கையில் அது ஏறக்குறைய 20 கிலோ போல வேலை வாங்கும். 1,600 கிலோ காரில் இது ஒரு சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். அதிலும் ஒரு பகுதியை ரீஜென் (வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் தயாரித்துப் பேட்டரிக்கு அனுப்புவது) திருப்பித் தந்துவிடும். இதற்காக விலை கூடிய இலகு அலாய் வாங்கச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை.

## அறிகுறி 4: 80 முதல் 100 வேகத்தில் நடுக்கம், கூடவே செலவும் அதிகம்

ஸ்டீயரிங் நடுங்கினால் முன் சக்கரம், இருக்கை நடுங்கினால் பின் சக்கரம் என்று தேடத் தொடங்குங்கள். பேலன்சிங் எடை விழுந்திருக்கிறதா என்று ரிம்மின் உள்பக்கத்தைப் பார்ப்பது முதல் வேலை. பசை எடை இருந்த இடத்தில் சதுரமான சுத்தமான தடம் மட்டும் தெரியும்.

பேலன்சிங் செய்த பிறகும் நடுக்கம் போகவில்லையென்றால், சக்கரத்தைக் கழற்றி நடுத் துளையைப் பாருங்கள். வெளிக்கடை அலாய்கள் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்று நடுத் துளையைப் பெரிதாக விட்டிருப்பார்கள். ஹப்புக்கும் (காரில் சக்கரம் மாட்டும் மையப் பகுதி) துளைக்கும் இடையே உள்ள அந்த இடைவெளியை நிரப்ப ஹப் வளையம் ஒன்று போட வேண்டும். அது இல்லாமல் நட்டுகளை மட்டும் நம்பி மாட்டினால் சக்கரம் நூலளவு மையம் தவறி நிற்கும். வளையம் போட்டாலே பல கார்களில் நடுக்கம் நின்றுவிடுகிறது. கம்பெனி நட்டின் அடிப்பகுதி உருண்டையாக இருந்து, அலாயின் துளை கூம்பாக இருந்தால் (அல்லது மாறியிருந்தால்) அந்த நட்டுகளை ஒரு நாள்கூடப் பயன்படுத்தக் கூடாது. பொருத்தமான நட்டு வரும்வரை பழைய சக்கரத்தைப் போட்டு ஓட்டுங்கள். மாட்டியபின் நூறு கிலோமீட்டருக்குள் டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கையேட்டில் சொன்ன அளவுக்கு மறுபடி முறுக்க வேண்டும்.

பஞ்சர் கடையில் கழற்றுவதாக இருந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். ஜாக்கியைக் காரின் நடுவயிற்றில் வைத்துத் தூக்கும் பழக்கம் பெட்ரோல் காரோடு போகட்டும். மின்சார காரில் அங்கே இருப்பது பேட்டரி. கையேட்டில் குறித்த நான்கு இடங்களைத் தவிர வேறெங்கும் வைக்க விடக் கூடாது. அடியில் தட்டு நசுங்கியிருந்தாலோ கீறியிருந்தாலோ ஓட்டுவதை நிறுத்திவிட்டு, கம்பெனி சர்வீஸுக்குத் தகவல் சொல்லுங்கள்.

பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெருக்களில் பக்கவாட்டு உயரம் குறைந்த டயர் ஓடினால் ரிம் வளைவது சாதாரணம். பேலன்சிங் இயந்திரத்தில் சுற்றும்போது விளிம்பு ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும். வளைந்த அலாயைச் சூடாக்கித் தட்டி நிமிர்த்துவதை நான் பரிந்துரைப்பதில்லை. விரிசல் வெளியே தெரியாமல் உள்ளேயே தங்கிவிடும்.

## அறிகுறி 5: ஒரு சக்கரம் மட்டும் சூடாகிறது, அல்லது உரசும் ஓசை வருகிறது

பத்து கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ரீஜெனில் வேகம் குறைத்து நிறுத்துங்கள். கையைச் சக்கரத்தின் மேல் வைக்காமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் தெளிவாகச் சூடு கூடுதலாக இருந்தால் மூன்று காரணங்கள் உண்டு. ரிம்மின் உள்பக்கப் பேலன்சிங் எடை காலிப்பரை (பிரேக் பேடை அழுத்தும் பகுதி) உரசலாம். காலிப்பரின் முகத்தில் வட்டமான பளபளப்புக் கோடு விழுந்திருக்கும். பிரேக் பேட் சிக்கியிருக்கலாம். மின்சார கார்களில் ரீஜென் பெரும்பாலான வேலையைச் செய்துவிடுவதால், பிரேக் பயன்படாமலேயே துருவேறி நகராமல் போவது புதிதல்ல. மூன்றாவது ஹப் பேரிங். ஹூங்காரம் போன்ற ஓசை வேகத்தோடு ஏறி, வளைவில் திரும்பும்போது மாறினால் அதுதான்.

முதலாவதை எந்த டயர் கடையும் சரிசெய்யும். மற்ற இரண்டுக்கும் மெக்கானிக்கிடம் போக வேண்டும். தள்ளிப் போடக் கூடாது.

## அறிகுறி 6: எச்சரிக்கை விளக்கு எரிகிறது, ரீஜென் வலு குறைந்திருக்கிறது

டயர் காற்று விளக்கு மட்டும் என்றால், பழைய ரிம்மில் இருந்த சென்சாரைப் புதியதுக்கு மாற்றாமல் விட்டிருப்பார்கள். கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) அல்லது இ.எஸ்.பி. (கார் வழுக்காமல் காப்பது) விளக்கு எரிந்தால் முன் டயருக்கும் பின் டயருக்கும் அளவு ஒன்றுதானா என்று பாருங்கள். முன்னே ஒரு விட்டம், பின்னே ஒரு விட்டம் என்றால், ஒரு சக்கரம் வழுக்குகிறது என்று கார் எண்ணிக்கொண்டு ரீஜெனைக் குறைத்துவிடும். திரும்ப வர வேண்டிய மின்சாரம் பிரேக்கில் சூடாகப் போகும். நான்கும் ஒரே அளவாக இருந்தும் விளக்கு அணையவில்லை என்றால், சக்கரம் கழற்றும்போது வேகச் சென்சாரின் ஒயர் இழுபட்டிருக்கலாம். இனி ஸ்கேனர் வைத்திருக்கும் கம்பெனி சர்வீஸின் வேலை. உயர் மின்னழுத்தம் ஓடும், ஆரஞ்சு நிற உறை போட்ட ஒயர் எதையும் நீங்களோ, தெருமுனை எலக்ட்ரீஷியனோ தொடக் கூடாது.

சர்வீஸுக்குப் போகும்போது காலைக் காற்றளவு, இருபக்க ஓட்டத்தின் யூனிட் கணக்கு, அலைன்மென்ட் அச்சு, பழைய டயர், புதிய டயர் இரண்டின் அளவும் சுமை எண்ணும் எழுதிய தாள், இவ்வளவும் கையில் இருக்கட்டும். இவை இல்லாமல் போனால் முதல் நாள் முழுவதும் "சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுப் பார்க்கலாம்" என்பதிலேயே கழிந்துவிடும்.